ஆட்டிப்படைக்கிறார் என்று எப்போது எழுதலாம்?

சென்ற இதழில் ‘ஆட்டிப்படை’ என்ற வினையை வைத்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வாக்கியங்கள் வந்தன, அவற்றோடு கேள்விகளும் வந்தன. சிலர் இலக்கணம் கேட்டிருக்கிறார்கள். சிலர் இலக்கணம் கேட்பதுபோல ஆரம்பித்து வீட்டையும் அலுவலகத்தையும் பற்றி எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ‘நேற்று மாலை நான்கு மணிக்கு மேலாளர் என்னை ஆட்டிப்படைத்தார்’ என்று எழுதினேன். இலக்கணப்படி சரிதானே, ஆனாலும் படிக்கும்போது என்னவோ இடிக்கிறதே?

பதில்: இடிப்பது நான்கு மணி. எழுவாய், செயப்படுபொருள், இரண்டாம் வேற்றுமை உருபு எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருக்கின்றன. ஆனால் ஆட்டிப்படைத்தல் ஒரு நொடியில் நடந்து முடிகிற செயல் இல்லை. ஒருவர் ஒருமுறை குரலை உயர்த்தினால் அது அதட்டல், ஒருமுறை பயமுறுத்தினால் மிரட்டல் (இலங்கைத் தமிழில் வெருட்டல்), ஒரு தவறுக்காகக் கடிந்துகொண்டால் கண்டிப்பு. இவற்றுக்கெல்லாம் நாளும் நேரமும் குறிக்கலாம். ஆட்டிப்படைப்பது அப்படியல்ல, நாள்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்து ஒருவரைத் தன் இஷ்டத்துக்கு அசைத்துக்கொண்டிருப்பது. அதனால்தான் இந்த வினை ‘எப்போதும்’, ‘வந்ததிலிருந்து’, ‘இத்தனை வருஷமாக’ போன்ற சொற்களோடு இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: ‘இந்தப் பிரிவுக்கு வந்ததிலிருந்து மேலாளர் என்னை ஆட்டிப்படைக்கிறார்.’ நேற்று நான்கு மணிக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அப்போது அவர் செய்தது எதுவோ அதையே எழுதுங்கள்: ‘எல்லார் முன்னாலும் அதட்டினார்’, ‘கையிலிருந்த வேலையைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.’

கேள்வி: ‘பயம் என்னை ஆட்டிப்படைக்கிறது’ என்கிறார்களே, பயம் மனிதரா?

பதில்: இந்த வினைக்கு மனிதர்தான் எழுவாயாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயம், ஆசை, சந்தேகம், பழைய நினைவு, கைப்பேசி எது வேண்டுமானாலும் ஆட்டிப்படைக்கலாம். நம்மை மீறி நம்மை இயக்குகிறது என்பதுதான் பொருள். ஆனால் ‘அதிகாரம் செய்’, ‘நாட்டாமை பண்ணு’ இரண்டுக்கும் ஆள் வேண்டும். ‘சந்தேகம் என்மேல் நாட்டாமை பண்ணுகிறது’ என்று கவிதையில் எழுதலாம், சாதாரண உரைநடையில் ஒட்டாது.

கேள்வி: என்னை அதிகாரம் பண்ணுகிறாரா, என்மேல் அதிகாரம் பண்ணுகிறாரா, என்னிடமா? மூன்றும் காதில் விழுகிறது.

பதில்: மூன்றும் உண்டு, பக்கத்தில் எந்த வினை வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். ‘செலுத்து’ வந்தால் செலுத்தப்படும் பொருள் அதிகாரம் என்று ஏற்கெனவே ஆகிவிட்டது, ஆகவே ஆள் ‘மேல்’ அல்லது ‘மீது’ ஏற்கும்: ‘தம்பி மீது அதிகாரம் செலுத்துகிறான்.’ ‘காட்டு’ வந்தால் ‘இடம்’: ‘உன் அதிகாரத்தை என்னிடம் காட்டாதே.’ ‘செய்’, ‘பண்ணு’ வரும்போது நிலைமை வேறு. ‘கேலி செய்’ போல இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே வினையாகிவிடுகின்றன, அதனால் ஆள் நேராக ‘ஐ’ ஏற்றுக்கொள்கிறார்: ‘என்னை அதிகாரம் பண்ணாதே.’ பேச்சில் இதுதான் அதிகம், எழுத்திலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாணவர்கள் தேர்வில் ‘மீது அதிகாரம் செலுத்து’ என்று எழுதிவிடுங்கள், யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் முன்பு இருந்த தலைவர் ஆண். தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். அவரை எல்லாரும் ‘கறாரானவர்’ என்றார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பவர் பெண். அவர் அதையே செய்கிறார், இன்னும் கொஞ்சம் மென்மையாகவே செய்கிறார் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ‘ஓவரா ஆட்டம் போடுறாங்க’, ‘அதிகாரம் பண்றாங்க’ என்கிறார்கள். இது மொழியின் குறையா, நம் குறையா?

பதில்: நம் குறை, மொழியில் படிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தேன், ஏனென்றால் இது ஏதோ ஒரு அலுவலகத்தில் மட்டும் நடப்பதில்லை. தமிழில் ஒரு ஆண் பிறரைத் தன் சொல்படி நடக்கவைத்தால் அதற்கு வரிசையாக நல்ல சொற்கள் வைத்திருக்கிறோம்: கறார், கண்டிப்பு, ஆளுமை, நிர்வாகத் திறமை. ஒரு பெண் அதைச் செய்தால் வருகிற சொற்களை எண்ணிப் பாருங்கள்: அடங்காப்பிடாரி, ராங்கிக்காரி, வாயாடி. ‘அடங்காப்பிடாரி’ என்ற சொல்லே அடங்கியிருப்பதுதான் அவள் வேலை என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு அப்புறம்தான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறது. அதற்கு ஆண்பால் சொல் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். கணவர் மனைவியின் பேச்சைக் கேட்டால் ‘முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்’ என்கிறோம், அவரைப் ‘பெண்டாட்டி தாசன்’ என்கிறோம். மனைவி கணவரின் பேச்சைக் கேட்டால் அதற்குத் தனியாகச் சொல்லே கிடையாது, அது சாதாரணம் என்று விட்டுவிட்டோம். ‘உங்கள் வீட்டில் மதுரையா சிதம்பரமா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி, சிதம்பரம் என்றால் நடராசர் ஆட்சி. அந்தக் கேள்வியில் எனக்குப் பிடிக்காதது, ஒரு வீடு என்றால் இருவரில் ஒருவர் மற்றவரை ஆளத்தான் வேண்டும் என்று அது எடுத்துக்கொள்வது. இருவரும் பேசி முடிவெடுக்கிற வீட்டுக்கு அந்தக் கேள்வியில் ஊரே இல்லை.

அதற்காக ஒரு பெண் அதிகாரி யாரையும் ஆட்டிப்படைக்கவே மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிப்படைக்கிறவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்: வாக்கியத்தை எழுதிவிட்டு எழுவாயை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘தாமதமாக வருபவர்களை அவர் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்’ என்ற செயலுக்கு ஆணென்றால் கறார், பெண்ணென்றால் ஆட்டம் என்று உங்கள் வாயில் வந்தால், நீங்கள் சொல்வது செயலைப் பற்றி அல்ல. உங்கள் சக ஊழியர்களிடம் இதை ஒருமுறை நேராகவே கேட்டுவிடுங்கள்: ‘அவர் செய்தபோது என்ன சொன்னீர்கள்?’

கேள்வி: ‘ஆட்டி படைக்கிறார்’, ‘ஆட்டிப் படைக்கிறார்’, ‘ஆட்டிப்படைக்கிறார்’ எது சரி?

பதில்: முதலாவது தவறு. இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: தேடிப் போனான், ஓடிக் களைத்தான், ஆட்டிப் படைத்தான். மற்ற இரண்டில் நான் சேர்த்து எழுதுவதையே விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே ‘படை’ என்பதற்கு உருவாக்குதல், சாமிக்கு வைத்தல் என்ற தனிப்பொருள் எதுவும் மிச்சமில்லை, இரண்டும் சேர்ந்தே ஒரு பொருள். நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பாருங்கள், ‘ஆட்டி நன்றாகப் படைத்தார்’ என்றால் பொருளே போய்விடும். ‘ஆட்டிவைக்கிறார்’ என்பதில் வகரம் வல்லினம் இல்லை, ஒற்று வராது.

கேள்வி: அடக்கியாளினாரா, அடக்கியாண்டாரா?

பதில்: அடக்கியாண்டார். ஆள்கிறார், ஆண்டார், ஆள்வார்.

கேள்வி: என் கணவர் ஒருபோதும் கத்த மாட்டார், கட்டளை போட மாட்டார். ‘அந்தத் தோழி வீட்டுக்குப் போகாமல் இருந்தால் நல்லா இருக்கும்மா’ என்றுதான் சொல்வார். போனால் நாலு நாள் பேசமாட்டார். சம்பளத்தை ‘நானே பார்த்துக்கொள்கிறேனே, உனக்கு எதுக்குச் சிரமம்’ என்று வாங்கிக்கொள்வார். என் தங்கை ‘அக்கா, அவர் உன்னை ஆட்டிப்படைக்கிறார்’ என்கிறாள். இவ்வளவு அன்பாகப் பேசுபவருக்கு அந்தச் சொல் பொருந்துமா?

பதில்: பொருந்தும் அம்மா. குரல் எப்படி இருந்தது என்பதை வைத்து இந்த வினையைத் தீர்மானிக்கக் கூடாது.

கேட்பது வேறு, கட்டளையிடுவது வேறு என்பதை நம் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் எச்சவியலில் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்று மூன்று சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் இருக்கிறது: மூன்றும் இரந்து கேட்பதற்குரிய சொற்கள், ஆனால் தாழ்ந்தவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’. பொருள் ஒன்றாக இருந்தாலும், யார் எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறார் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். இன்று அந்த வேறுபாடு வழக்கில் இல்லை, ‘ஈ’ என்று யாரும் கேட்பதில்லை, மேலே இருப்பவரும் ‘கொஞ்சம் கொடுங்களேன்’ என்று மிக மென்மையாகக் கேட்க முடிகிறது. அதனால் இப்போது சொல்லை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. திருக்குறள் இந்தச் சிக்கலையும் தொட்டிருக்கிறது. கொடுங்கோன்மை அதிகாரத்தில் 552ஆம் குறள்: ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.’ வழியில் வேலோடு நிற்பவன் ‘இருப்பதைப் போடு’ என்பதும், கோலோடு நிற்கும் அரசன் பணிந்து கேட்பதும் ஒன்றுதான் என்கிறது. கவனியுங்கள், ‘இரவு’ என்றுதான் சொல்கிறார், அதாவது கெஞ்சிக் கேட்பது. கேட்கிறவன் எவ்வளவு தணிந்து கேட்டாலும், மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்கப்படுபவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே உங்கள் கணவரின் வாக்கியத்தைத் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்த வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘போகாமல் இருந்தால் நல்லா இருக்கும் என்றார். நான் போய்விட்டு வந்தேன். அவர் எப்படி இருந்தது என்று கேட்டார்.’ இது வேண்டுகோள். ‘போகாமல் இருந்தால் நல்லா இருக்கும் என்றார். நான் போய்விட்டு வந்தேன். நாலு நாள் பேசவில்லை.’ இது தண்டனை. சம்பளமும் அப்படித்தான். ‘என் சம்பளத்தை நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு மாதம் உங்களால் சொல்ல முடியுமா, சொன்னால் அன்றைக்கு வீடு எப்படி இருக்கும்? அதற்கு உங்கள் மனம் சொல்லும் பதிலைத்தான் நம்ப வேண்டும். இதை உங்கள் தங்கையிடம் மட்டுமாவது வெளிப்படையாகப் பேசிக்கொண்டே இருங்கள். கணவர் உங்களைத் தோழியிடமிருந்து விலக்கப் பார்க்கிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. பேச ஆள் இல்லாமல் போனால் எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்கக்கூட இடம் இருக்காது.

கேள்வி: ‘மாமியார் மருமகள் மீது ஆதிக்கம் செலுத்தினார்’ என்று சிறுகதையில் எழுதலாமா?

பதில்: தவறில்லை, ஆனால் செய்தித்தாள் வாடை அடிக்கும். ஆதிக்கம் செலுத்துவது என்றால் நாடுகள், கட்சிகள், நிறுவனங்கள் நினைவுக்கு வரும். விளையாட்டுச் செய்தியில் அது பாராட்டுகூட: ‘ஆட்டம் முழுக்க அந்த அணியே ஆதிக்கம் செலுத்தியது.’ கதைக்கு ‘அவள் சமையலறைக்குள் நுழைவதற்கும் மாமியாரைக் கேட்க வேண்டியிருந்தது’ என்பது போல நடந்ததை எழுதுங்கள், ஆதிக்கம் என்ற சொல்லே தேவைப்படாது. இதே இடத்தில் ‘கட்டுப்படுத்து’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் மொழிபெயர்ப்புகளில் நிறைய வருகிறது. தமிழில் தீயை, நோயை, வேகத்தை, கோபத்தைக் கட்டுப்படுத்துகிறோம், அதாவது அடங்காமல் போனால் கெடுதல் செய்கிற ஒன்றை. ‘அவர் மனைவியைக் கட்டுப்படுத்துகிறார்’ என்றால், ஏதோ அந்த மனைவி கட்டுக்கடங்காமல் போனதால் அவர் அப்படிச் செய்ய நேர்ந்தது என்ற நிழல் விழுந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி போகும். அந்த இடத்தில் ‘அடக்கி ஆள்கிறார்’ என்பது நேர்மையான சொல்.

கேள்வி: ஆட்டுவதற்கும் ஆட்டுவிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: ஆடு என்பது தன்வினை, ஆட்டு என்பது பிறவினை. ‘வி’ என்ற விகுதி சேர்ந்தால் ஆட்டுவி. ‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே, அடக்குவித்தால் ஆரொருவர் அடங்காதாரே’ என்று அப்பர் தேவாரத்தில் வரிசையாக அடுக்குவார், பிறவினைக்கு அதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அங்கே ஆட்டுவிப்பவன் இறைவன், பாடுகிறவர் விரும்பியே தன்னை ஒப்படைக்கிறார். மனிதருக்கு மனிதர் என்று வரும்போது அந்த ஒப்படைப்பை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. இன்றைய வழக்கில் ‘ஆட்டுவிப்பவர்’ என்றால் முன்னால் தெரியாமல், இன்னொருவரைக் கொண்டு காரியம் செய்பவர் என்ற சாயலும் உண்டு: ‘பேசுவது அண்ணன், ஆட்டுவிப்பது அப்பா.’

கேள்வி: ‘நான் ஆட்டிப்படைக்கப்படுகிறேன்’ சரியா?

பதில்: இலக்கணம் அனுமதிக்கும், தமிழ் பேசுகிற வாய் அனுமதிக்காது. ‘என்னை ஆட்டிப்படைக்கிறார்கள்’ என்றோ, ‘அவர் சொன்னபடியெல்லாம் ஆட வேண்டியிருக்கிறது’ என்றோ எழுதுங்கள். செயப்பாட்டுவினையில் ஆட்டிப்படைப்பவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து நழுவிவிடும், அவருக்கு அது வசதி.

கேள்வி: என் மகளுக்குப் பதினாலு வயது. இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறேன். ‘அம்மா, நீ என்னை ரொம்ப கண்ட்ரோல் பண்ற, டார்ச்சர் பண்ற’ என்கிறாள். மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் ஆட்டிப்படைக்கிறேனா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், இல்லை. ஒரு விதி இருக்கிறது, அது எதற்கு என்று சொல்ல முடிகிறது, நாளைக்கும் அதே விதிதான், அவளுக்கு வயதாக ஆகத் தளரும். அது கண்டிப்பு. ஆட்டிப்படைப்பதில் விதி என்று ஒன்று நிலையாக இருக்காது, இன்றைக்குச் சரி என்றது நாளைக்குத் தப்பாகிவிடும், எதைச் செய்தால் தப்பிக்கலாம் என்று எதிராளி எந்நேரமும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகள் அப்படி உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து நடக்கிறாளா என்பதை மட்டும் கவனியுங்கள். ‘டார்ச்சர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாளே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை விரட்டிவிடாமல், ‘எதைச் சொல்கிறாய், கைப்பேசியையா, வேறு எதையாவதா?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் பல சமயம் பெரிய சொல்லை எடுத்துச் சின்ன விஷயத்தின் மேல் போடுவார்கள், சில சமயம் பெரிய விஷயத்தையே அதற்குள் வைத்திருப்பார்கள்.

கேள்வி: வயதில் பெரியவர் ஒருவர் என் எல்லா முடிவுகளிலும் தலையிடுகிறார். மரியாதை கெடாமல் அவரிடம் என்ன வாக்கியம் சொல்வது? ‘என்னை ஆட்டிப்படைக்காதீர்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை.

பதில்: அதைச் சொல்ல வேண்டாம். அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிச் சொல்ல அது சரியான வினை, முகத்துக்கு நேரே சொன்னால் பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியதாக மாறிவிடும், ‘நானா ஆட்டிப்படைக்கிறேன்?’ என்று ஆரம்பித்தால் அப்புறம் உங்கள் விஷயம் எங்கேயோ போய்விடும். எழுவாயை ‘நான்’ என்று வையுங்கள், வினையைத் தெளிவாக வையுங்கள்: ‘நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இதை நான் முடிவுசெய்கிறேன்.’ ‘முடிவுசெய்யலாம் என்று நினைக்கிறேன்’ என்று இழுக்காதீர்கள், அந்த இழுப்பில்தான் அவர் மறுபடி உள்ளே வருவார். இரண்டாம் முறை கேட்டாலும் மூன்றாம் முறை கேட்டாலும் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். காரணம் கேட்டால் ஒருமுறை சொல்லுங்கள், போதும்.